வயது கேட்காத மதுக்கடைகள்

மகாராட்டிர மாநிலத்தில் பீர், ஒயின் வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். விஸ்கி, பிராந்தி, ரம் வாங்க 25 வயது நிரம்பியிருக்க வேண்டும். குடிப்பவர் பர்மிட் வைத்திருக்க வேண்டும் என்பதும் 1949-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின் வழி வந்த ஏற்பாடு. ஏட்டில் குறை சொல்ல இடமில்லை.

நாட்டில் நடப்பது என்ன? ஒருநாள் பர்மிட்டுக்கு விலை ஐந்து ரூபாய். அதை எழுதிக் கொடுக்க வேண்டியவர் கடைக்காரர். வயதைச் சரிபார்க்க வேண்டியவரும் அவரே. விற்றால் இலாபம் பெறுகிறவரும் அவரே! பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தால் பால் மிஞ்சுமா? தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் சீட்டா கேம்பிலும் மாலை நேரத்தில் கடைமுன் நின்று பார்த்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. நீட்டப்படும் நோட்டைப் பார்க்கிறார்கள். நீட்டுகிறவன் முகத்தில் மீசை அரும்பியிருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

இந்தச் சட்டம் எப்போது விழித்தெழுகிறது என்பதையும் நாடு கண்டது. 2024 மே மாதம் புனேயில், 18 வயது நிரம்பாத ஒரு செல்வர் வீட்டுப் பிள்ளை மதுவருந்திவிட்டு ஓட்டியதாகச் சொல்லப்படும் கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் மாண்டனர். சிறுவனுக்கு மது கொடுத்த விடுதிகளுக்கு அதன் பிறகுதான் முத்திரை வைத்தார்கள். 2024 ஜூலையில் நம் மும்பையில், வொர்லியில், கணவனோடு ஸ்கூட்டரில் வந்த ஒரு மீனவப் பெண் கார் மோதி உயிரிழந்தார். ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் 25 வயது நிரம்பாதவர். அவருக்கு ஜுஹூவில் மது பரிமாறிய விடுதியையும் அதன் பிறகுதான் மூடினார்கள்.

பிணம் விழுந்த பின் கடையைப் பூட்டுவதற்கா ஒரு துறை? விலையுயர்ந்த காரும் தொலைக்காட்சிக் காமிராவும் இருந்ததால் அங்கே அதுவாவது நடந்தது. லேபர் கேம்ப் சந்தில் பதினாறு வயதுப் பையன் குடித்துவிட்டுச் சாக்கடை ஓரம் கிடந்தால் எந்தக் கடைக்கு முத்திரை விழும் என்று கேட்கிறோம்.

சட்டம் வலுவற்றது என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவருக்கு மது கொடுத்தால் ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 78-ஆம் பிரிவு, மதுவை விற்கவோ சுமந்து செல்லவோ பிள்ளைகளைப் பயன்படுத்துகிறவருக்கும் அதே தண்டனையை விதிக்கிறது.

இந்த இரண்டாவது பிரிவை நம் குடும்பத்தார் ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். "அப்பா வாங்கி வரச் சொன்னார்" என்று மகன் கடைக்குப் போகிறான். பட்டறையில் எடுபிடியாக நிற்கும் பையனிடம் மூத்தவர்கள் காசைக் கொடுத்து ஒரு குவார்ட்டர் வாங்கிவரச் சொல்கிறார்கள். பத்து நாள் பிறருக்காக வாங்கியவன் பதினோராம் நாள் தனக்காக வாங்குகிறான். கடைக்காரர் வித்தியாசம் கேட்பாரா? கேட்கமாட்டார். கேட்காமலிருக்கும் பழக்கத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பிள்ளையை அனுப்பி வைத்த பெரியவர்களே. நெல்லையிலிருந்தும் சேலத்திலிருந்தும் ரயிலேறி வந்து, தோல் பதனிட்டும் இட்லி விற்றும் பிள்ளைகளைப் படிக்க வைக்கப் பாடுபடும் சமுதாயத்துக்கு இது அடுக்குமா?

"கெடுபிடி செய்தால் கள்ளச்சாராயம் தலைதூக்கும்" என்று சில நண்பர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. மதுவிலக்கு நாள்களில் தாராவிச் சதுப்பு நிலத்தில் காய்ச்சிய சாராயமும் வரதராஜ முதலியார் காலத்து வாணிபமும் நம் பகுதிக்குத் தேடித்தந்த அவப்பெயரை மூத்தோர் அறிவர். 2004-இல் விக்ரோலியிலும் 2015-இல் மால்வணியிலும் நச்சுச் சாராயம் ஏழைக் குடிசைகளையே வாரிக்கொண்டு போயிற்று. மால்வணியில் மட்டும் நூறுபேருக்கு மேல் மாண்டனர். ஆனால் நாம் கேட்பது எல்லாக் கடைகளையும் இன்றே மூடு என்பதல்ல. பிள்ளைகளுக்கு விற்காதே என்பதே. விதி ஏற்கெனவே இருக்கிறது. அதை நடத்திக் காட்டு என்பதே!

தாயகத்திலும் இதே போராட்டம்தான். கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு டாஸ்மாக் கடையை அகற்றக் கோரிச் செல்போன் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31 அன்று உயிர்நீத்தார். இன்னொரு உயிர் போன பிறகுதான் நமக்கு உறைக்க வேண்டுமா?

ஆகவே அரசையும் எக்சைஸ் துறையையும் வற்புறுத்துகிறோம்: ஐயத்துக்கு இடமானவரிடம் வயதுச் சான்று பார்க்காமல் விற்கக் கூடாது. 18 வயது நிரம்பாதவர் கையில் யாருக்காகவும் மது கொடுக்கக் கூடாது. இதை மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் கடைமுன் எழுதி வைக்க வேண்டும். மீறுகிற கடையின் உரிமத்தைப் பறிக்க வேண்டும்.

நம்மவர்களுக்கும் வேலை உண்டு. பிள்ளைக்கு விற்பதைக் கண்டால் நாள், நேரம், கடையின் பெயர் குறித்து எக்சைஸ் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் மனுக் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். ஆபத்திலிருக்கும் பிள்ளைக்கு உதவ 1098 என்ற எண் இருக்கிறது. தனியாக முறையிட அஞ்சுகிறவர்கள் பத்துப்பேராகப் போங்கள். அடாவடியாக நடக்கும் கடைமீது, தாய்மார்கள் கையொப்பம் திரட்டி வாக்கெடுப்புக் கோரவும் இம்மாநிலத்தில் வழி உண்டு. மராத்தியச் சகோதரிகள் "ஆட்வி பாட்லி", அதாவது படுத்த பாட்டில், சின்னத்துக்கு வாக்களித்துப் பல ஊர்களில் கடையை மூட வைத்திருக்கிறார்கள். அவர்களால் முடிந்தது நம் தாய்மார்களால் முடியாதா?

இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒன்று. உங்கள் பிள்ளையை அந்தக் கடைக்கு அனுப்பாதீர்கள். அதற்கு மனுவும் வேண்டாம், மந்திரியும் வேண்டாம். இன்று மாலையே தொடங்கலாம்.