கொடிநாளும் நூறு கிலோமீட்டரும்

பெங்களூரில் வேலை பார்க்கும் பேத்தி நவம்பர் கடைசியில் போன் செய்தாள். "தாத்தா, டிசம்பர் மாசத்துல நூறு கிலோமீட்டர் ஓடப்போறேன். காயம்பட்ட ராணுவ வீரர்களுக்காக. கிலோமீட்டருக்குப் பத்து ரூபா தர்றீங்களா?" ஆயிரம் ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டே சரி என்றேன். போனை வைத்தபின் என்ன தோன்றியதோ, திரும்பக் கூப்பிட்டு "நானும் நடக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். எழுபத்து நாலு வயதில் ஓட்டமெல்லாம் ஆகாது. தினம் நாலு கிலோமீட்டர், இருபத்தைந்து நாள்.

"ராத்திரி முட்டிக்குத் தைலம் தேய்க்க நான் இருக்கேன்ல, நடங்க" என்றாள் வீட்டுக்காரி. சித்தையன்கோட்டை அவள் பிறந்த ஊர். புதுச்சேரியில் ஓய்வு பெற்றபின் இங்கே வந்து சேர்ந்தவன் நான்.

விடிகாலையில் செம்பட்டி ரோட்டில் மஃப்ளர் கட்டிக்கொண்டு போகிறவனைப் பார்த்து டீக்கடையில் "சார், சுகர் ஏறிடுச்சா?" என்று கேட்டார்கள். விஷயத்தைச் சொன்னேன். ஒருவர் கேட்டார்: "நீங்க நடந்தா அவங்களுக்கு என்ன சார் லாபம்? காசை அனுப்பிட்டு வீட்ல இருங்களேன்."

நியாயமான கேள்விதான். அன்று பதில் சொல்ல வரவில்லை. இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள். 1949-லிருந்து நடக்கிறது. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று முப்படைக்கும் மூன்று நிறம். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. கொடிக் கட்டு வரும், கூடவே இலக்கும் வரும். இலக்கை எப்படி முடிப்பது? கவுண்டருக்கு வருகிற ஜனங்கள் தலையில்தான். எண்பதுகளில் நான் இருந்த பிரிவில் (அலுவலகத்தின் பெயர் வேண்டாம்) வருமானச் சான்றிதழ் கேட்டு வருபவர்களிடம் தாளோடு கொடியையும் சேர்த்து நீட்டுவேன். "ஒரு ரூபாய்." பிடிக்காதவர்களும் கொடுத்துவிட்டுப் போவார்கள். சான்றிதழ் வேண்டுமே!

ஒருநாள் தலை நிமிராமலே கொடியை நீட்டினேன். வாங்கிய கை நடுங்கியது. நிமிர்ந்தால், அக்குளில் கட்டை ஊன்றிய ஒருவர். சான்றிதழ் மனுவில் 'முன்னாள் ராணுவத்தினர்' என்று எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. ரூபாயைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் வாங்கவில்லை. கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, கொடியைச் சட்டையில் நிதானமாகக் குத்திக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

பணம் தப்பான இடத்துக்குப் போகவில்லை. வாங்கிய விதம்தான் தப்பு.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். நவம்பர் 11 வந்தால் எங்கள் ஆசிரியர் ப்ளூவே என்ற நீலப்பூவைப் பற்றிச் சொல்வார். முதல் உலகப் போரில் ஊனமுற்ற வீரர்கள் பாரிஸ் அன்வாலீத் மருத்துவமனையில் உட்கார்ந்து துணியிலும் காகிதத்திலும் அந்தப் பூவைச் செய்தார்கள், அது விற்ற காசில் அவர்களுக்கு வருமானம் வந்தது. சிறு வயதில் எனக்கு அது கைவேலை வகுப்புக் கதையாகத்தான் பட்டது. கட்டை ஊன்றியவரைப் பார்த்தபிறகுதான் புரிந்தது: அவர்கள் கை நீட்டவில்லை, பொருள் விற்றார்கள்.

நம் ஊரிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. 1965 போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பேட்கர் 1972-ல் ஹைடெல்பர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கினார். மேஜர் டி.பி. சிங் 1999 ஜூலை 15 அன்று அக்னூர் பகுதியில் மோர்ட்டார் குண்டு வெடித்துச் சாய்ந்தார். இறந்துவிட்டார் என்றே முதலில் சொல்லிவிட்டார்கள். பிழைத்தார், வலது கால் போயிற்று. பத்து வருஷம் கழித்து டெல்லி அரை மாரத்தானில் 21 கிலோமீட்டர் ஓடினார். அவருக்காக நாம் ஓடுவதாகச் சொல்லிக்கொள்வது கொஞ்சம் சிரிப்பான விஷயம்தான். அவரே ஓடுகிறார். நாம் கூட நடக்கலாம், அவ்வளவே.

இந்த நடை எதைச் செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊனமுற்ற வீரரின் பென்ஷன் கோப்பு இதனால் ஒரு அங்குலம் நகராது. தரம்வீர் சிங் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படாதவர் பிறகு ஊனத்தோடு வெளியேற்றப்பட்டால், அது பணியால் வந்ததல்ல என்று நிரூபிக்க வேண்டியவர் அவர் அல்ல. அதற்குப் பிறகும் தீர்ப்பாயம், மேல்முறையீடு என்று அலைகிறவர்கள் இருக்கிறார்கள். பென்ஷன் கடன். கடனைத் தீர்க்க உண்டியல் குலுக்கக் கூடாது. ஒரு குமாஸ்தாவாகவே இதைச் சொல்கிறேன்.

அப்படியானால் ஏன் நடக்கிறேன்? யாரிடமாவது காசு கேட்பதென்றால் முதலில் என்னுடையது எதையாவது வைத்துவிட்டுக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து நான் எதையும் வைக்கவில்லை. இப்போது முட்டியை வைத்திருக்கிறேன். கேட்பதும் ஒரே ஒரு தடவைதான். மறுத்தால் ஏன் என்று கேட்பதில்லை. என் மச்சான் ஒருவர் மறுத்துவிட்டார், போன வாரம் அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன்.

இன்று 19-ம் தேதி. மழைக்கு ஒரு நாள், முட்டிக்கு ஒரு நாள் போக, 68 கிலோமீட்டர் ஆகியிருக்கிறது. பதினோரு பேர் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஜனவரி முதல் வாரம் திண்டுக்கல்லில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நோட்டோடு போக வேண்டும். நேற்று டீக்கடையில் அந்தக் கேள்வி கேட்டவர் நூறு ரூபாயை நீட்டி, "ரசீதெல்லாம் வேணாம் சார்" என்றார். எழுதித்தான் கொடுத்தேன். பழக்கம் விடுமா?