இடைமுகத்தில் தமிழ்முகம் எங்கே?

கழகக் காலச் சான்றோர் பொதினி எனப் பாடிய பழனி மலைத்தொடரில் ஏறுவதற்கு முன்பெல்லாம் காலில் வலுவிருந்தால் போதும். பின்னர் வண்டிக் கூலி இருந்தால் போதும் என்றாயிற்று. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகள் மின்வழி இசைவுச் சீட்டுப் பெற்றே வரவேண்டுமெனச் சென்னை உயர் முறைமன்றம் ஆணையிட்டது. மலைக்குச் சுமை மிகாதிருக்க வந்த ஆணை அது. அதனை யாம் குறைகூறோம். ஆயின், மலைக்கும் மாந்தனுக்கும் நடுவே ஒரு திரை வந்து நிற்கின்றது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வைப்பகத்திலும், பள்ளிச் சேர்க்கையிலும், மின்கட்டணத்திலும் அதே திரைதான். அத்திரை எவர்க்காக, எம்மொழியில் எண்ணி வரையப்பட்டது?

திரையை மாந்தர்க்கேற்ப வகுப்பதே இன்று தனியொரு கல்வித்துறை. மாந்தர் கணினி ஊடாட்டவியல் என்றும், இடைமுக வடிவமைப்பு என்றும் அதனை வழங்குவர். ('முகம்' வடசொல் என மருள்வார்க்குப் பாவாணர் முன்பே விடையிறுத்துள்ளார்.) 1968 திசம்பர் 9 அன்று சான்பிரான்சிசுகோவில் தக்ளசு எங்கெல்பார்ட்டு என்பார், கையடக்கமான சுட்டியொன்றை நகர்த்தித் திரையிலுள்ள எழுத்துகளை இயக்கிக் காட்டினார். அதுகாறும் கணினிக்கேற்ப மாந்தன் வளைந்தான். இனி மாந்தனுக்கேற்பக் கணினி வளையட்டும் என்ற எண்ணம் அதன்பின் வலுத்தது. இன்று உலகப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அது பட்டப்படிப்பு. பயன்படுத்துவோரை முதலில் அறிந்துகொள் என்பதே அதன் முதற்பாடம். நூலின் பாயிரத்துள் 'கேட்போர்' யாவர் என்பதையும் உரைத்தல் வேண்டுமென நன்னூலார் வகுத்ததை நாற்பது அகவைக்கு முன்பே மனப்பாடம் செய்த எமக்கு இதிற் புதுமை ஒன்றும் தோன்றவில்லை.

புதுமை, அப்பாடம் நம் நாட்டிற் கற்பிக்கப்படும் முறையில்தான் உள்ளது. எம்மிடம் பள்ளியில் தமிழ் பயின்று, இப்பொழுது சமவெளிக் கல்லூரியொன்றிற் கணினியியல் பயிலும் மாணாக்கி ஒருத்தி சென்ற விடுமுறையில் எம்மைக் காண வந்தாள். பூம்பாறைப் பூண்டு உழவர்கள் வடுகபட்டிச் சந்தை விலையைக் கைப்பேசியிற் பார்த்தறிய ஓர் இடைமுகம் வரைவதே அவளுக்கிட்ட பணி. (2019 இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது.) தாள்களைப் பரப்பினாள். எல்லாம் ஆங்கிலம்.

"தமிழ் எங்கே அம்மா?" என்றேன்.

"அதை இறுதியில் மொழிபெயர்த்துக் கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள், ஐயா."

பூம்பாறையில் எவரையேனும் கேட்டாயா என்றதற்குத் தலை குனிந்தாள். பயன்படுத்துவோரை அறிக என்று விடைத்தாளில் எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான்! குற்றம் அவளதன்று.

இறுதியில் மொழிபெயர்த்தால் என்னாகும்? நான்கெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து வரைந்த கட்டத்துள் தமிழ்ச்சொல் வாலறுந்து கிடக்கும். 'முகப்பு' என வரவேண்டிய இடத்தில் 'வீடு' வரும். 'சேமி' எனற்பாலது 'காப்பாற்று' என அலறும். இவற்றைக் கூடத் திருத்திவிடலாம். திருத்தவொண்ணாதது ஒன்றுண்டு. அவள் வரைந்த முதற்பக்கத்திலேயே முதற்பெயர், கடைப்பெயர் என இரு கட்டங்கள். இரண்டாவதை நிரப்பாது மேற்செல்ல இயலாது. தமிழனுக்கு ஏது கடைப்பெயர்? நமக்குத் தந்தை பெயரின் முதலெழுத்துண்டு. அது முன்னால் நிற்கும். பின்னால் ஒட்டியிருந்த சாதிப்பெயரை விட்டொழிக்க வேண்டுமென 1929 இல் செங்கற்பட்டுத் தன்மான மாநாடு முடிவு செய்தது. எண்ணற்றோர் அவ்வாறே விட்டொழித்தனர். இன்றோ, எங்கோ அமர்ந்து எவனோ வரைந்த கட்டம் "நிரப்பு, நிரப்பு" என்று சிவப்பெழுத்தில் மிரட்டுகின்றது. நிரப்ப ஒன்றுமில்லாதவன் தந்தை பெயரை இடுகின்றான், ஊர்ப்பெயரை இடுகின்றான், வெறும் புள்ளி வைக்கின்றான். பாட்டன் துறந்ததைப் பேரன் தேடியெடுத்து இடவும் கூடும். அவள் கையிலிருந்த பாடநூலில் இதற்கு ஒரு வரியும் இல்லை.

தமிழ் அறிந்து வகுத்த இடைமுகம் எத்தகையது என்பதற்குச் சான்று நம்மிடமே உண்டு. யாழ்ப்பாணத்தவரான இரா. முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை ஆக்கியளித்தது அரும்பணி. ஆயினும் அப்பொறியிற் கண் காணும் முறையிலேயே அடித்தல் வேண்டும். 'கெ' என்பதற்குக் கொம்பு முன், ககரம் பின். 1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டின் வழிப் பிறந்து, அவ்வாண்டு சூனில் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையோ செவி கேட்கும் முறையிற் சென்றது. உயிர் 12, மெய்வரிசை 18, ஆய்தம் 1 என 31 விசைகளுள் 247 எழுத்தும் அடங்கின. உயிரெல்லாம் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். ககரத்தை இருமுறை தட்டினால் முன்னது தானே புள்ளி பெற்று 'க்க' ஆகும். நகரத்தை அடுத்துத் தகரம் தட்டினால் 'ந்த'. மகரத்தை அடுத்துப் பகரம் தட்டினால் 'ம்ப'. தொல்காப்பியர் கண்ட மெய்ம்மயக்கம் விரலுக்கு ஒரு தட்டைக் குறைத்துத் தருகின்றது! கிரந்த எழுத்துகளோ மாற்று விசையைச் சேர்த்தழுத்தினாலன்றி வாரா. அவற்றிற்கு அவ்விடமே மிகுதி என்பது எம் கருத்து.

நம் இயக்கத்தார்க்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். கடைப்பலகையில் தமிழ் வேண்டுமெனப் போராடினோம், நன்று. விசைப்பலகையை மறந்தோம். இளையோர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகின்றனர் என்று கடிகின்றோம். கைப்பேசியைத் திறந்ததும் முன்வந்து நிற்பது எது என்று பார்த்தோமில்லை. கலைச்சொற்களை ஆயிரக்கணக்கில் ஆக்கினோம். அவை திரையில் எத்துணை இடம் கொள்ளும், எழுபது அகவைப் பாட்டிக்கு விளங்குமா என்று ஆய்ந்தோமில்லை.

படக்குறிகளும் சுட்டியுமாக மெக்கிந்தாசு கணினி வெளிவந்த 1984 ஆம் ஆண்டிலேதான் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமும் தோன்றியது. ஆங்கே கணினியியலும் உண்டு; தமிழியலும் உண்டு. சுற்றிலும் பூம்பாறை, மன்னவனூர், பளியர் குடியிருப்புகள். பயன்படுத்துவோரைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. இரு துறையாரும் ஒன்றுகூடி இடைமுக வடிவமைப்பைத் தமிழிலேயே கற்பிக்க முன்வருதல் வேண்டும். தமிழிற் படித்தால் வேலை கிட்டுமா என்பார் உளர். 2010 இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானவியலையும் எந்திரவியலையும் தமிழிற் கற்பிக்கத் தொடங்கியபோதும் இதையே கேட்டனர். பாலத்தை எம்மொழியிற் கற்றுக் கட்டினாலும் பாலம் நிற்கும். திரையோ சொல்லாலேயே கட்டப்படுவது. உலக நூல்களை ஆங்கிலத்திற் படிக்கட்டும், தடையில்லை. முதல் வரைவு தமிழில் எழட்டும்.

அம்மாணாக்கி பெயர்க் கட்டங்களை ஒன்றாக்கி, எல்லாவற்றையும் தமிழில் மீண்டும் வரைந்துகொண்டு பூம்பாறைக்குப் போனாள். பூண்டு உரித்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருத்தியிடம் தாளை நீட்டி, "இங்கே கடவுச்சொல் போடணும் பாட்டி" என்றாளாம்.

"கடவுள் சொல்லா? குழந்தை வேலப்பர் பேரைப் போட்டாப் போதுமா கண்ணு?"

யாம் வகுப்பறையிற் பெருமிதத்தோடு சொல்லிக் கொடுத்த சொல் அது. அவள் விளக்கியதும் கிழவி சிரித்தாளாம்: "அட, பூட்டுச்சொல்லுன்னு எழுதேன்."

அப்படியே எழுதி வந்து காட்டினாள்.