போத்திஹோவுக்கு ஆங்கிலத்தில் என்ன?

ஸ்பெயின் நாட்டு வீடுகளில் போத்திஹோ என்று ஒரு பாத்திரம் உண்டு. சுட்ட களிமண்ணில் செய்தது. உருண்டையான வயிறு, பிடித்துத் தூக்க மேலே ஒரு வளையம், ஒரு பக்கம் தண்ணீர் ஊற்ற அகலமான வாய், மறுபக்கம் குடிக்கச் சின்ன மூக்கு. ஐஸ் பெட்டி வருவதற்கு முன்பு இது இல்லாத வீடு அபூர்வம். அறுப்புக்குப் போகிறவர்கள் வயலோரம் நிழலில் இதை வைத்திருப்பார்கள். தாகம் எடுத்தவர் தூக்கி, அண்ணாந்து, உதடு படாமல் தாரையாக வாயில் விட்டுக்கொண்டு, அடுத்தவரிடம் கொடுப்பார். எச்சில் படாமல் பத்துப் பேர் குடிக்கலாம்.

ஸ்பானிஷ்-ஆங்கில அகராதியில் இந்தச் சொல்லைத் தேடினால், எதிரே ஒரு சொல் இருக்காது. ஒரு விளக்கம் இருக்கும். கைப்பிடியும் மூக்கும் உள்ள மண் ஜாடி என்கிற மாதிரி. அகராதிக்கு இது போதும். நாவலை மொழிபெயர்க்கிறவருக்குப் போதாது. 'அவன் போத்திஹோவை எடுத்துக் குடித்தான்' என்று இருக்கிற இடத்தில் இந்த விளக்கத்தை முழுசாக வைத்தால், வர்ணனை முடிகிறவரை அந்த மனிதன் தாகத்தோடு காத்திருக்க வேண்டும். வெறும் 'ஜக்' என்று சுருக்கினால், லண்டன் வாசகரின் மனதில் வருவது சாப்பாட்டு மேஜையில் இருக்கிற கண்ணாடி ஜக். மண் போயிற்று, குளிர்ச்சி போயிற்று, அண்ணாந்து குடிப்பதும் போயிற்று.

இன்னொரு வழியும் உண்டு. சொல்லை ஸ்பானிஷிலேயே விட்டுவிட்டு, சாய்ந்த எழுத்தில் அச்சடிப்பது. நிறையப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். நேர்மையான வழி மாதிரி தோன்றும். ஆனால் சாய்ந்த எழுத்து அந்தப் பாத்திரத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறது. வயலில் குடித்தவனுக்கு அது வேடிக்கைப் பொருளே இல்லை. சொல்லப்போனால் அதைவிடச் சாதாரணமான பொருள் அவனுக்குக் கிடையாது. மிகச் சுலபமான எதையும் 'போத்திஹோவின் இயந்திரத்தைவிட எளிது' என்று கேலி செய்வது ஸ்பானிஷ் வழக்கு. (அது அத்தனை எளிதல்ல என்பது வேறு விஷயம். மண்ணின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் நீரின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. எவ்வளவு நேரத்தில் எவ்வளவு குளிரும் என்பதற்குச் சமன்பாடுகள் எழுதி, 1995-ல் மாட்ரிட் பேராசிரியர்கள் இருவர் ஒரு பொறியியல் பத்திரிகையில் கட்டுரையே வெளியிட்டார்கள்.)

வேடிக்கை என்னவென்றால், இந்த ரகப் பாத்திரத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் இருந்தது. இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர்கள் வெயிலில் தவித்து, மண் கூஜாவில் தண்ணீரைக் குளிரவைக்கக் கற்றுக்கொண்டு, அதை 'காக்லெட்' என்று அழைத்தார்கள். போர்ச்சுக்கீசிய மொழியின் 'கோர்கோலெட்டா'தான் அப்படித் திரிந்தது. யூலும் பர்னலும் தொகுத்து 1886-ல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதியில் இது இருக்கிறது. தமிழின் 'சட்டி'யும் 'சாட்டி' என்ற உருவத்தில் அதே புத்தகத்தில் இருக்கிறது. (பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.) ஐபீரிய மண்ணில் பிறந்து, இந்தியா வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல், போத்திஹோவுக்குத் தூரத்து உறவு என்றே சொல்லலாம். மொழிபெயர்ப்பாளர் இதை எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்தால் இரண்டு தொல்லை. இன்று ஆங்கிலம் பேசுகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்தச் சொல் தெரியாது. தெரிந்த சிலருக்கோ உடனே ஞாபகம் வருவது பங்கா, பட்லர், துரைமார் பங்களா. ஸ்பெயினின் கோதுமை வயலில் திடீரென்று ஒரு கலெக்டர் துரை வந்து உட்கார்ந்துவிடுவார். பொருளின் பெயர் தனியாக வருவதில்லை. தான் குடியிருந்த வீட்டையும் தன் காலத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறது. பழைய பொருள்களை மொழிபெயர்ப்பதில் உள்ள சிக்கல் முழுவதும் இதுதான்.

'செரேனோ' என்ற சொல்லைப் பாருங்கள். ஸ்பெயின் நகரங்களில் இரவுக் காவலரின் பெயர் இது. 18-ம் நூற்றாண்டில் தொடங்கிய வேலை. தெருவில் நடந்தபடி மணி எத்தனை, வானம் எப்படி என்று கூவிக்கொண்டு போவார். வானம் பெரும்பாலும் தெளிவாக இருந்ததால் 'செரேனோ', அதாவது தெளிவு, என்றே கூவ, அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. பிற்காலத்தில் கூவுவது நின்று, சாவி முக்கியமாயிற்று. தெருவிலுள்ள கட்டடங்களின் வாசல் சாவிகள் அவர் இடுப்பில் தொங்கும். நேரம் கழித்து வீடு திரும்புகிறவர் வாசலில் நின்று கை தட்டுவார். தெருக்கோடியிலிருந்து செரேனோ பதில் குரல் கொடுத்து, தடியைத் தட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்துவிட்டுச் சில்லறை வாங்கிக்கொள்வார். 1970-களில் இந்த வேலை மறைந்தது.

ஆங்கிலத்தில் 'நைட் வாட்ச்மேன்' என்று போட்டால், தொழிற்சாலை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆள் வந்து நிற்கிறார். இதைவிட நெருக்கமான சொல்லும் உண்டு. லண்டன் தெருக்களில் இரவில் மணி சொல்லிக்கொண்டு போன காவலர்களை 'சார்லி' என்பார்கள். ஆனால் 1829-ல் ராபர்ட் பீல் நவீன போலீஸை ஏற்படுத்தியதும் அவர்கள் கதை முடிந்தது. 1960-ல் மாட்ரிட்டில் மோட்டார் காரிலிருந்து இறங்கி ஒருவர் கை தட்டுகிறார். 'சார்லி' வந்தால் வாசகர் நூற்றைம்பது வருஷம் பின்னால் போய்விடுவார். பொருத்தமான சொல்லே பொருளை இன்னும் கிழடாக்கிவிடுகிறது.

'பிரசேரோ' என்ற கணப்புச் சட்டியும் இப்படித்தான். வட்டமான மேசை. (மேசை என்ற சொல்லை நாம் போர்ச்சுக்கீசியரிடம் வாங்கினோம், ஸ்பானிஷிலும் அது 'மேசா'தான்.) அதன் அடியில், தரையை ஒட்டி, தணல் நிரம்பிய ஒரு செம்புத் தட்டு. மேசையைச் சுற்றித் தரைவரை தொங்கும் தடித்த துணி. குளிர்கால இரவுகளில் குடும்பம் முழுவதும் அந்தத் துணிக்குள் காலை நுழைத்துக்கொண்டு உட்காரும். சாப்பாடு, தையல், வீட்டுப் பாடம், வம்பு எல்லாம் அங்கேதான். ஜன்னலை முழுக்க அடைத்துவிட்டால் கரிப் புகையில் உயிர் போகிற ஆபத்தும் உண்டு. தணலுக்குப் பக்கத்திலேயே இருந்து கணுக்காலுக்கு மேல் சிவப்புத் திட்டுகள் விழும். அந்தத் திட்டுகளுக்குக்கூட ஸ்பானிஷில் தனிச் சொல் இருக்கிறது: 'கப்ரில்யாஸ்'.

ஆங்கில அகராதி இதற்கு 'பிரேஸியர்' என்கிறது. அர்த்தம் தப்பில்லை. ஆனால் ஆங்கில வாசகருக்கு பிரேஸியர் என்றால் தெருவில் எரிகிற நெருப்பு. வேலைநிறுத்தம் செய்கிறவர்கள் சுற்றி நின்று கை காய்ச்சிக்கொள்வது. வீட்டு நெருப்பென்றால் அவருக்குச் சுவரில் இருக்கும் கணப்புதான். அங்கே எல்லோரும் நெருப்பைப் பார்த்து உட்காருவார்கள். ஸ்பெயினில் நெருப்பு மேசைக்கடியில் ஒளிந்திருக்க, மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'பிரேஸியர்' என்று எழுதும்போது நெருப்பு வந்துவிடுகிறது. குடும்பம் வருவதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம், உபயோகித்தவர்களுக்குப் பழசாகத் தோன்றாத பொருள்கள். மொழிபெயர்ப்பு அவற்றைப் பழசாக்கிவிடுகிறது. இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அதற்கு உலகப் பிரசித்தமான உதாரணம் 'டான் குவிக்ஸாட்'.

செர்வான்டிஸ் அந்த நாவலின் முதல் பாகத்தை 1605-ல் வெளியிட்டார். முதல் வாக்கியத்திலேயே கதாநாயகனிடம் 'அதர்கா' என்ற கேடயம் இருப்பதாகச் சொல்கிறார். அரபியிலிருந்து ஸ்பானிஷுக்கு வந்த பெயர், தோலில் செய்தது, குதிரை வீரர்களுக்கானது. அது பழைய கேடயம் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். சற்றுத் தள்ளி, டான் குவிக்ஸாட் துரு நீக்கி எடுக்கும் கவசங்கள் கொள்ளுத் தாத்தா காலத்தவை என்கிறார். செர்வான்டிஸ் 1571-ல் லெபான்டோ கடற்போரில் துப்பாக்கிக் குண்டு பட்டு இடது கையின் இயக்கத்தை இழந்தவர். தோல் கேடயம் எதற்கு உதவும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. துப்பாக்கி யுகத்தில் ஒருவன் தோல் கேடயத்தோடு கிளம்புகிறான் என்பதுதான் நகைச்சுவை. 1605-ல் படித்தவர்கள் முதல் வரியிலேயே சிரித்திருப்பார்கள்.

ஆங்கிலத்தில் அந்தக் கேடயம் ஒரு மொழிபெயர்ப்பில் 'பக்ளர்', இன்னொன்றில் 'ஷீல்ட்'. பக்ளர் என்பது தரையில் நின்று வாள் வீசுகிறவன் கையில் பிடிக்கும் சிறிய கேடயம். அதைக்கூட மன்னிக்கலாம். பெரிய நஷ்டம் வேறு. நானூறு வருஷம் கழித்துப் படிக்கிறவருக்கு அந்த நாவலில் எல்லாமே பழசு: கேடயமும் பழசு, சத்திரமும் பழசு, கழுதையும் பழசு. தன் காலத்திலேயே பழசாகிப்போன பொருள் எது, அன்றாடப் பொருள் எது என்று பிரித்துப் பார்க்க முடிவதில்லை. 'பழைய' என்ற அடைமொழியைச் சரியாக மொழிபெயர்த்தும் பிரயோஜனமில்லை. சிரிப்பு அடிக்குறிப்புக்குப் போய்விடுகிறது.

அதே வாக்கியத்துக்கு அடுத்தபடியாக அவருடைய சனிக்கிழமைச் சாப்பாடு வருகிறது. அதன் பெயரை வார்த்தைக்கு வார்த்தை சொன்னால் 'துக்கங்களும் முறிவுகளும்'. முட்டையும் பன்றிக் கொழுப்பும் சேர்த்த ஒரு பண்டம் என்பது பொதுவான கருத்து. 1612-ல் முதலில் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த தாமஸ் ஷெல்டன் பண்டத்தைச் சொல்லிப் பெயரை விட்டார். 1755-ல் ஸ்மாலெட் பெயரின் சோகத்தைப் பிடித்துக்கொண்டு பண்டத்தை விட்டார். 2003-ல் ஈடித் கிராஸ்மன் முட்டையையும் விரதத்தையும் சேர்த்து இரண்டுக்கும் நடுவே போனார். மூவருமே தேர்ந்தவர்கள். ஆளுக்கு ஒன்றைக் காப்பாற்றினார்கள்.

இந்தச் சங்கடம் செர்வான்டிஸுக்கே தெரிந்திருந்ததோ என்று சந்தேகப்பட வைக்கிற இடம் ஒன்று உண்டு. மழையில் புதுத் தொப்பி நனையாமலிருக்க ஒரு நாவிதர் தன் பித்தளைத் தாம்பாளத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருகிறார். கழுத்தில் பொருந்துவதற்காக விளிம்பில் பிறை வடிவத்தில் வெட்டிய சவரத் தாம்பாளம். டான் குவிக்ஸாட் அதை மாம்ப்ரினோவின் தங்கத் தலைக்கவசம் என்று பிடுங்கிக்கொள்கிறார். பின்னால் ஒரு சத்திரத்தில், அது தாம்பாளமா கவசமா என்று பெரிய சண்டை. எஜமானுக்கும் கண்ணுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட சாங்கோ பான்சா, இரண்டு சொல்லையும் ஒட்டி 'பாஸியெல்மோ' என்கிறான். தாம்பாளக்கவசம்! மொழிபெயர்ப்பாளர்கள் தினமும் செய்கிற சமரசத்தை அவன் ஒரே சொல்லில் செய்துவிட்டான்.

எனவே பழைய பொருளைக் கண்டதும் அகராதியைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது: இதைக் கையில் வைத்திருக்கிற ஆளுக்கு இது பழசா? இல்லையென்றால் வாக்கியத்திலும் அது சாதாரணமாகவே வந்து போகட்டும். அவன் அதை வைத்து என்ன செய்கிறான் என்பது தெரிந்தால் போதும். 'மண் கூஜாவைத் தூக்கி அண்ணாந்து குடித்தான்' என்று ஆங்கிலத்தில் எழுதிவிடலாம். பெயர் போனாலும் மனிதனின் தாகம் தீரும். பழசுதான் என்றால், அந்தப் பழமை பக்கத்தில் இருப்பவர்கள் முகத்தில் தெரிய வேண்டும்.

பழைய சொற்கள் எப்போதும் தோற்றுப்போவதில்லை. 'அர்ரோபா' என்று ஸ்பெயினில் ஒரு நிறுத்தலளவை இருந்தது. கால் பங்கு என்று பொருள்படும் அரபிச் சொல்லிலிருந்து வந்தது; சுமார் பதினொன்றரைக் கிலோ. மெட்ரிக் முறை வந்ததும் அது பெரும்பாலும் வழக்கொழிந்தது. வியாபாரிகள் கணக்கில் அதைக் குறிக்க, சுழித்த வால் உள்ள ஒரு 'ஏ' எழுத்தைப் போடுவது வழக்கம். 1971-ல் ரே டாம்லின்சன் மின்னஞ்சல் முகவரிக்காகத் தேர்ந்தெடுத்த குறியும் அதே உருவம்தான். ஆங்கிலத்தில் அதற்கு 'அட்' என்று பெயர். ஸ்பானிஷ்காரர்கள் இன்றைக்கும் 'அர்ரோபா' என்கிறார்கள். தாத்தா எண்ணெய் நிறுத்த அளவையைப் பேரன் முகவரியில் சொல்லிக்கொண்டிருக்கிறான். அது பழைய சொல் என்ற நினைப்பே அவனுக்குக் கிடையாது.