முள்ளக்காட்டு உறவுகளுக்கு, வெயிலைப் பற்றி

அன்புள்ள அத்தைமார், மதினிமார், அண்ணாச்சிமார், பிள்ளைகள் எல்லோருக்கும்,

பிரிஸ்பேனிலிருந்து எழுதுகிறேன். இங்கே மருந்துக் கடையில் வேலை பார்ப்பதால், ஊரிலிருந்து போன் வந்தால் பேச்சு கடைசியில் முகத்துக்குப் போடுகிற க்ரீமில்தான் வந்து நிற்கிறது. நிறம் கொடுக்கிற மாதிரி ஏதாவது வாங்கி அனுப்பு என்பார்கள். சன்ஸ்க்ரீனையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்து வைத்திருக்கிறீர்கள். அது நிறம் கொடுக்காது. இருக்கிற தோலை, இருக்கிற நிறத்தோடு காப்பாற்றும்.

இந்த ஊரில் அது பல் விளக்குவது மாதிரி அன்றாட வேலை. சட்டை போடு, க்ரீம் பூசு, தொப்பி வை என்று ஒரு கடற்புறா டிவியில் ஆடிப் பாடியது 1981-இல். இன்றைக்குப் பள்ளிக்கூடங்களில் தொப்பி இல்லாத பிள்ளைக்கு விளையாட்டு இல்லை. வகுப்பு வாசலில் பெரிய பம்ப் பாட்டில் இருக்கும். குழந்தைகள் வரிசையாக வந்து நெற்றி, மூக்கு, இரண்டு கன்னம், தாடை என்று பொட்டுப் பொட்டாக வைத்துத் தேய்த்துக்கொண்டு ஓடும்.

பிரிஸ்பேனுக்கு வடக்கே நாம்பூர் என்றொரு சிற்றூர். 1992-இல் அங்கே சுமார் 1,600 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பாதிப்பேர் தினமும் தலை, கழுத்து, கைகளில் பூச வேண்டும். மீதிப்பேர் அவரவர் இஷ்டப்படி. நாலரை வருஷம் கழித்துப் பார்த்தால், தினமும் பூசியவர்களிடம் ஒருவகைத் தோல் புற்றுநோய்க் கட்டிகள் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தன. புறங்கையில் சிலிகான் அச்சு எடுத்துச் சுருக்கத்தையும் ஒப்பிட்டார்கள். அதிலும் தினமும் பூசிய கைதான் இளமையாக இருந்தது.

அது வெள்ளைக்காரத் தோல், நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் தோலில் மெலனின் அதிகம், அதனால் வெயிலால் வரும் புற்றுநோய் நமக்கு மிகவும் குறைவு. அந்தப் பயத்தைக் காட்டி உங்களிடம் எதையும் விற்க எனக்கு மனசில்லை. நமக்கு வருவது மங்கு. பிள்ளை பெற்ற பிறகு கன்னத்திலும் நெற்றியிலும் படர்கிறதே, அதுதான். எத்தனை மருந்து தடவினாலும் வெயில் பட்டால் மறுபடி எழும்பும். பரு ஆறிய இடத்துக் கறுப்பும் அப்படியே, வெயிலில் மாதக்கணக்கில் மறையாது. தூத்துக்குடியில் கோடை உச்சிவேளையில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டும். இங்கே 3 ஆனாலே பூசச் சொல்கிறார்கள். மேகமூட்டமானாலும் கதிர் இறங்கும். பஸ் ஜன்னல் கண்ணாடி வழியாகக்கூட ஒரு பகுதி உள்ளே வரும்.

உப்பளத்துக்குப் போகிறவர்களை நினைத்துத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு என்று நீங்கள் போவதுதான் முதல் பாதுகாப்பு. அதை விடாதீர்கள். நைந்துபோன வெள்ளைத் துண்டைவிட, நெருக்கமாக நெய்த அடர்நிறத் துணி கதிரை நன்றாகத் தடுக்கும். ஆனால் பாத்தியில் தேங்கிய நீரும் உப்பும் வெளிச்சத்தைக் கீழேயிருந்து திருப்பி அடிக்கும். துண்டு மறைக்காத கன்னம், தாடை, மூக்கு, புறங்கை இவற்றுக்குத்தான் க்ரீம். ஒரு ட்யூப் சில நூறு ரூபாய், தினக்கூலியில் அது சின்னக் காசில்லை என்று தெரியும். அதனால் வெளியே தெரிகிற இடத்துக்கு மட்டும் பூசுங்கள். பூசுகிற இடத்தில் தாராளமாகப் பூசுங்கள்.

ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். கிளம்புவதற்குக் கால்மணி முன்னால் போட வேண்டும். இரண்டு மணிக்கொரு தரம் மறுபடி, வியர்த்து ஒழுகினால் அதற்கு முன்னாலேயே. அட்டையில் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமலும், பிஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று கூட்டல் குறியாவதும் இருக்கட்டும். சிலது நம் முகத்தில் சாம்பல் பூத்த மாதிரி நிற்கும். ஜெல் வகை அப்படி நிற்காது. மங்கு உள்ளவர்கள் தோல் நிறம் கலந்த வகையைக் கேளுங்கள். அதிலுள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்கும், அந்த வெளிச்சமும் மங்கைக் கிளப்பிவிடும். ஆறு மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைக்குப் பூச வேண்டாம், நிழலே போதும். நான் இங்கிருந்து வாங்கி வரவும் தேவையில்லை, தூத்துக்குடி கடைகளிலேயே நல்லது கிடைக்கிறது.

சீட்டில்லாமல் வாங்கிப் பூசும் வெள்ளையாக்கும் க்ரீம்களை மட்டும் தொடாதீர்கள். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் சில வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பி, வெயிலில் எரியும். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர்கள் தாங்களாக நிறுத்தாமல், தோல் டாக்டரைப் பார்த்துப் படிப்படியாக நிறுத்துங்கள்.

அத்தைமாருக்கு ஒரு விண்ணப்பம். மருமகள் காலையில் கண்ணாடி முன் நின்று பூசினால் மினுக்குகிறாள் என்று சொல்லாதீர்கள். உங்கள் கன்னத்துக்கும் கொஞ்சம் வாங்கிப் பூசிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்து டீச்சர்மாருக்கு இன்னொன்று: உச்சி வெயிலில் வரும் விளையாட்டு பீரியடைச் சாயங்காலக் கடைசி பீரியடாக மாற்ற முடியுமா? தலைமை ஆசிரியரிடம் பேசிவிட்டு எனக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குத் தொப்பி வாங்குகிற செலவு என்னுடையது.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பெண்
பிரிஸ்பேன்