போனுக்கு 1909 இருக்கு, ஈமெயில் தொல்லைக்கு யார்?

தி.நகர் ரங்கநாதன் தெரு, பாண்டி பஜார் பக்கம் பல கடைகளில் இதுதான் வழக்கம். துணி எடுத்தாச்சு, பணமும் எண்ணிக் கொடுத்தாச்சு. பில் மட்டும் வராது. "போன் நம்பர் சொல்லுங்க சார், மெயில் ஐ.டி. சொல்லுங்க" என்பார்கள். பின்னால் கியூ முணுமுணுக்கிறது. சொல்லித் தொலைத்துவிட்டு வருகிறார்கள் ஜனங்கள்.

அப்புறம் ஆரம்பிக்கிறது தொல்லை. ஆடித் தள்ளுபடி, அவசரக் கடன், செங்கல்பட்டு தாண்டி மனை! பிள்ளைக்கு வந்த இன்டர்வியூ அழைப்பு இந்தக் குப்பையில் புதைந்துபோனால் நஷ்டம் மயிலாப்பூர் குமாஸ்தாவுக்குத்தானே?

போனுக்காவது 1909 இருக்கிறது. பதிவு செய்துவிட்டால் விளம்பர அழைப்பு, எஸ்.எம்.எஸ். வரக்கூடாது. 2025 பிப்ரவரியில் டிராய் இதை மேலும் இறுக்கியது. பதிவில்லாத விளம்பர ஆசாமிகள் மீது நடவடிக்கைக்கு முன்பு 30 நாள் கெடு. இப்போது 5 நாள். அப்படியும் மதியத் தூக்கத்தில் போன் அடிக்கிறது என்பது வேறு விஷயம்! ஈமெயில் பக்கம் இந்த 1909 எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

இருந்த சட்டமும் போச்சு

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. தொல்லை தரும் ஈமெயிலுக்கு 3 வருஷம் வரை ஜெயில் என்றது. ஆனால் ட்விட்டரில் எழுதியதற்காக 2012-ல் புதுச்சேரி வியாபாரி ஒருவர் கைதானதும் இதே பிரிவில்தான்! 2015 மார்ச் 24-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு இதை ரத்து செய்தது. ரத்து செய்தது நியாயமே. எது தொல்லை என்றே சொல்லாத சட்டம் அது. ஆனால் விளம்பர ஈமெயிலுக்கென்று தனிச் சட்டம் அதற்குப் பிறகும் வரவில்லை.

அமெரிக்கா 2003-லேயே சட்டம் போட்டது. வேண்டாம் என்று சொன்னால் 10 வேலை நாளுக்குள் நிறுத்த வேண்டும். அதே வருஷம் ஆஸ்திரேலியா, சம்மதம் இல்லாமல் அனுப்பவே கூடாது என்றது. நம்ம ஊருக்கு இதுதான் சரி. 'வேண்டாம்' பட்டனை அமுக்கினால், "ஓகோ, இங்கே ஆள் இருக்கான்" என்று கூடுதலாக அனுப்பும் கில்லாடிகளும் உண்டே!

2023-ல் நிறைவேறிய தகவல் பாதுகாப்புச் சட்டம் சம்மதம் கேட்கச் சொல்கிறது. விதிகள் வந்ததோ 2025 நவம்பரில். முக்கியப் பிரிவுகளுக்கு அதிலிருந்து இன்னும் 18 மாத அவகாசம் வேறு! விளம்பர ஈமெயிலுக்கும் 1909 போல ஒரு புகார் நம்பர் கொடுக்க இத்தனை வருஷமா?

போன் நம்பர் கேட்டு கடைக்காரர்கள் வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே சொல்லியாச்சு. உஸ்மான் ரோடு பில் கவுன்ட்டர்களில் அதைத் தமிழில் எழுதி ஒட்டச் சொல்லலாமே! நம்பர் தராவிட்டால் பில் கிடையாது என்று அடம்பிடித்தால், நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அங்கே நின்றபடியே போன் போடலாம்.