குவாண்டனாமோவும் கோஷ்டி மனசாட்சியும்

நியூஜெர்சியில் இருக்கும் பெரியப்பா மகன் போனில் காய்ச்சி எடுத்துவிட்டார். 2025 ஜனவரியில் ட்ரம்ப், குவாண்டனாமோவில் 30,000 குடியேறிகளை அடைக்க இடம் தயார் செய்யச் சொன்னது எவ்வளவு பெரிய அக்கிரமம் என்று. அக்கிரமம்தான் அண்ணே, ஒத்துக்கறேன். அந்த இடம் இன்னும் திறந்தே கிடக்க உங்க ஆளுங்களும் காரணம் இல்லையான்னு கேட்டேன். "அது வேற விஷயம்டா" என்றார். இந்த "வேற விஷயம்"தான் நம்மை உறுத்துகிறது.

கொஞ்சம் ரீவைண்ட் பண்ணிக்குவோம். 2002 ஜனவரி 11 அன்று முதல் 20 கைதிகள் அங்கே போய் இறங்கினார்கள். மொத்தம் சுமார் 780 பேர். பெரும்பாலானவர்கள் மேல் கடைசிவரை ஒரு குற்றச்சாட்டுகூடப் பதிவாகவில்லை. புஷ் ஆட்சியிலேயே 500-க்கும் மேற்பட்டவர்களை வெளியே அனுப்பினார்கள். அப்போது குடியரசுக் கட்சிக்காரர்கள் யாரும் "ஐயோ நாடு போச்சே" என்று பெரிதாக மாரில் அடித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மூடவேண்டும் என்று 2006-ல் புஷ்ஷே சொன்னார். 2008 தேர்தலில் ஒபாமாவும் மூடுவேன் என்றார், எதிரே நின்ற மெக்கெய்னும் மூடுவேன் என்றார்.

2009 ஜனவரி 22. ஒரே வருடத்தில் மூட ஒபாமா உத்தரவு போட்டார். அதே வருடம் மே மாதம், அதற்கென்று கேட்ட 8 கோடி டாலரை செனட் 90-க்கு 6 என்று மறுத்தது. செனட்டில் அப்போது பெரும்பான்மை யாருக்கு? சாட்சாத் ஜனநாயகக் கட்சிக்குத்தான்! எதிர்த்து ஓட்டுப் போட்ட ஆறு பேரும் அந்தக் கட்சிதான், அவர்களுக்கு ஒரு கும்பிடு. புஷ் காலத்தில் குவாண்டனாமோ நாட்டுக்கே அவமானம் என்று மேடை போட்டுப் பேசியவர்களில் மீதிப்பேர் எங்கே போனார்கள்? 90-க்குள். மெக்கெய்ன்? அவரும் 90-க்குள் :-)

பயங்கரவாதிகளை ஊருக்குள் விடுவதா என்பதுதான் இரண்டு தரப்பும் சேர்ந்து பாடிய பாட்டு. 1993-ல் உலக வர்த்தக மையத்தில் குண்டு வைத்த ரம்சி யூசுஃப், கொலராடோவில் ஃப்ளோரன்ஸ் சிறையில் வருடக்கணக்காக இருக்கிறான். அங்கிருந்து ஒருத்தனும் தப்பியதில்லை. வாக்காளருக்குப் பயம் காட்டுவது சுலபம், இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அவ்வளவுதான்.

ஒபாமாவையும் முழுசாக விட்டுவிட முடியாது. இல்லினாய்ஸில் தாம்சன் சிறைக்கு மாற்றும் அவர் திட்டத்திலும், விசாரணையே இல்லாமல் வைத்திருக்க வேண்டியவர்கள் என்று ஒரு கூட்டம் இருந்தது. முகவரி மட்டும்தான் மாறியிருக்கும். கைதிகளை அமெரிக்காவுக்குள் கொண்டுவரத் தடை போட்ட ராணுவச் சட்டங்களில் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்தும் போட்டார். பைடனும் 2021-ல் அதே மாதிரி ஆட்சேபம் எழுதிவைத்து, அதே மாதிரி கையெழுத்துப் போட்டார்.

பைடன் வந்தபோது 40 பேர், போனபோது 15 பேர். நல்ல காரியம்தான். ஆனால் அந்த 15-ல் 3 பேர், அனுப்பலாம் என்று அரசே முடிவு செய்த பிறகும் உள்ளேயே உட்கார்ந்திருந்தவர்கள்.

அண்ணனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அந்த மூன்று பேருக்கு எந்தக் கட்சி அண்ணே வேற விஷயம்? "மதினி கூப்பிடுறா" என்று போனை வைத்துவிட்டார்.