கழுதைக்கும் ஆஸ்பத்திரியா என்று கேட்பவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது வாசியுங்கள்.

மன்னாரில் கழுதைகளுக்கு நிரந்தரமான வைத்திய வசதி வேண்டும் என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் வருவது சிரிப்பு. அடுத்து, "மனிசனுக்கே மருந்தில்ல, இதுல கழுதைக்கு ஆஸ்பத்திரியா?" என்ற கேள்வி. சிரிப்பை விடுவோம். கேள்வி நியாயமானது. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு.

இந்தக் கழுதைகள் எப்படி வந்தன என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். பள்ளிமுனைப் பெருக்கமரத்தைப் போல இவையும் அரபு வியாபாரிகளின் கப்பல்களில் வந்தவை என்பது ஊர் வழக்கு. லொறியும் லேண்ட்மாஸ்டரும் வரும்வரை பொதி சுமந்தன. அவை வந்த பிறகு அவிழ்த்து விடப்பட்டன. அதிலிருந்து இவற்றுக்குச் சொந்தக்காரர் இல்லை. மாடு றோட்டில் நின்றால் "யாருடைய மாடு?" என்று கேட்போம். கழுதை நின்றால் அந்தக் கேள்வியே எழுவதில்லை. ஆனால் பஸ் தரிப்பிடம், சந்தை, பாடசாலை வாசல், எருக்கலம்பிட்டி, தாராபுரம், தலைமன்னார் வீதி என்று எங்கே போனாலும் நம் கண்முன்னே நிற்கின்றன.

சொந்தக்காரர் இல்லாததால்தான் வைத்தியமும் இல்லை. மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் உரிமையாளர் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு ஓடுவார், மருந்துக்குக் காசு கொடுப்பார். அந்த அலுவலகம் எந்தத் திணைக்களத்தின் கீழ் இயங்குகிறது? கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம். பெயரிலேயே 'உற்பத்தி' இருக்கிறது. பால், இறைச்சி, முட்டை. கழுதையிடம் இந்த மூன்றும் நமக்கு இல்லை. உழ்ஹிய்யாவுக்கும் ஆகாது, இறைச்சியும் நமக்கு ஹராம். கணக்குப் புத்தகத்தில் வருமானம் இல்லாத பிராணிக்கு ஒதுக்கீட்டில் இடம் கிடைப்பது கஷ்டம். இது எந்த டொக்டரின் குற்றமும் இல்லை. இலங்கை முழுவதற்கும் மிருக வைத்திய பீடம் பேராதனையில் மட்டுமே இருக்கிறது. அங்கிருந்து வெளிவரும் டொக்டர்கள் கிராமங்களில் அன்றாடம் பார்ப்பது மாடு, ஆடு, கோழி, நாய். கழுதையைத் தொட்டுப் பழக வாய்ப்புக் கிடைப்பவர்கள் மிகக் குறைவு.

சரி, கழுதைக்கு அப்படி என்ன வருத்தம் வருகிறது?

முதலாவது வாகன விபத்து. இரவில் கழுதைகள் தார் றோட்டிலேயே நிற்கும், படுக்கும். சாம்பல் நிற உடம்பு, றோட்டும் அதே நிறம். வெளிச்சம் இல்லாத இடத்தில் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வரும்வரை தெரியாது. கால் முறிந்த கழுதை நாட்கணக்கில் அதே இடத்தில் கிடக்கும். இதில் அடிபடுவது கழுதை மட்டும் அல்ல. மோட்டார் சைக்கிளில் வந்தவரும் அடிபடுகிறார்.

இரண்டாவது பிளாஸ்டிக். நாம் கட்டி எறியும் சொப்பிங் பேக்கில் சாப்பாட்டு வாசம் இருக்கும். பையோடு சேர்த்து விழுங்கும். கழுதை இனத்துக்கு வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது குடலில் அடைத்தால் வயிற்றுவலியோடு துடித்துச் சாகும்.

மூன்றாவது காயங்கள். கழுத்தில் கட்டிவிட்டு மறந்த கயிறு குட்டி வளர வளர சதைக்குள் இறங்கும். நாய்க்கடி, கல்லடி, வேலிக்கம்பி கீறல், சுடுதண்ணீர் ஊற்றிய காயம் எல்லாம் உண்டு. புழு வைத்த பிறகுதான் யாராவது கவனிப்பார்கள். குதிரை, கழுதை இனம் ஏற்பு வலிக்கு மிக எளிதில் ஆளாகும் என்பது பலருக்குத் தெரியாது. சிறிய ஆணி குத்தினாலே போதும்.

நான்காவது குளம்பு. கல்லும் கரடுமான வறண்ட தரையில் நடந்து தேயும் விதத்தில் அமைந்த குளம்பு அது. மணல் தரையில் போதியளவு தேயாமல், நகம் போல வளர்ந்து வளைந்துவிடுவதுண்டு. வெட்டிவிட ஆளில்லாவிட்டால் நடை நொண்டியாகும். நொண்டி நடக்கும் கழுதையால் வாகனத்துக்கு விலகவும் முடியாது.

இதைச் சாதாரண ஆடு மாட்டு வைத்தியத்தோடு சேர்த்துச் செய்ய முடியாதா? ஓரளவு முடியும். ஆனால் கழுதைக்குச் சில தனிக் குணங்கள் உண்டு. வலியை வெளியே காட்டாது. குதிரை நிலத்தில் புரண்டு உதைக்கும் வேதனையிலும் கழுதை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சும்மா நிற்கும். பார்ப்பவர் "சோம்பேறிக் கழுதை" என்று சொல்லிவிட்டுப் போவார். அது தீனியை நிறுத்திவிட்டால் உடம்பிலுள்ள கொழுப்பு இரத்தத்தில் கலந்து ஈரலைப் பழுதாக்கி, சில நாட்களிலேயே உயிரை எடுத்துவிடும். சில மருந்துகளைக் கழுதையின் உடம்பு குதிரையை விட வேகமாக வெளியேற்றிவிடும். ஆகவே மருந்தின் அளவும் இடைவெளியும் வேறு. இன்னொன்று, கழுதைகள் சோடி சேர்ந்து வாழும். நோயாளியை மட்டும் ஏற்றிக்கொண்டு போனால் பிரிவிலேயே தீனி தின்னாமல் கிடக்கும். கூட்டாளியையும் சேர்த்துக் கொண்டுபோய் பக்கத்தில் கட்ட வேண்டும். இதெல்லாம் தெரிந்த கை வேண்டும் என்றுதான் தனி வசதி கேட்கிறோம்.

ஆஸ்பத்திரி என்றதும் மாடிக் கட்டடத்தை நினைக்க வேண்டாம். தேவையானவற்றைப் பாருங்கள்: நிழலான ஒரு கொட்டகை. காயப்பட்டதைத் தனியாக வைக்க மூன்று நான்கு அறைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு கழுதைகள் நிற்கக்கூடிய இடம். நல்ல தண்ணீர்த் தொட்டி, வைக்கோல். ஆட்களுக்கு உதை விழாமல் வைத்தியம் பார்க்கக் கம்பிக் கூடு. குளம்பு வெட்டும் கத்தியும் அரமும். ஏற்புத் தடுப்பூசி, வலி மருந்து, மயக்க மருந்து, சேலைன், இவற்றுக்குக் குளிர்சாதனப் பெட்டி. விழுந்த கழுதையை ஏற்றிவர, தாழ்வான சாய்பலகை பூட்டிய ஒரு ட்ரெய்லர். இரவில் அழைக்க ஒரு தொலைபேசி இலக்கம். வாரத்தில் குறிப்பிட்ட நாளில் வரும் டொக்டர், தினமும் மருந்து கட்டப் பயிற்சி பெற்ற இரண்டு உதவியாளர்கள்.

இவ்வளவுதான். இதில் மனித வைத்தியசாலையிலிருந்து எடுக்க வேண்டியது ஒன்றும் இல்லை. மனித வைத்தியசாலையின் மருந்துப் பட்டியல் வேறு, கால்நடைத் திணைக்களத்தின் ஒதுக்கீடு வேறு. கழுதைக்கு ஊசி போடாமல் விட்டால் அந்தக் காசு நம் உம்மா வாப்பாவின் பிரஷர் மாத்திரையாக மாறி வராது. மாறாக, கழுதையில் மோதி வீழ்ந்தவரின் தலைக் காயத்துக்கு நம் வைத்தியசாலைதான் செலவு செய்கிறது. இருட்டில் மின்னும் பட்டி ஒன்றைக் கழுத்தில் மாட்டினால் தூரத்திலேயே தெரியும். எங்காவது சிக்கினால் தானாகக் கழன்றுவிடும் பட்டியாக இருந்தால் கழுதைக்கும் ஆபத்தில்லை. விசர்நாய் கடித்த கழுதைக்கும் அந்த நோய் வரும். அதைக் கவனிக்க ஆளில்லாத ஊரில், அதன் பக்கத்தில் விளையாடுவது நம் பிள்ளைகள்தான்.

"இவ்வளவு கஷ்டம் எதற்கு, பிடித்து ஏற்றிக் காட்டில் விட்டால் முடிந்தது" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இவை காட்டு விலங்குகள் அல்ல. தலைமுறை தலைமுறையாக மனிதர் பக்கத்தில் தின்று குடித்துப் பழகியவை. தண்ணீர் தெரியாத இடத்தில் விட்டால் சாகும், அல்லது அடுத்த ஊருக்குள் புகும். விற்றுவிடலாம் என்றால் அதற்குள்ளும் ஆபத்து இருக்கிறது. சீனாவில் ஒரு வகை மருந்துக்காகக் கழுதைத் தோலுக்குப் பெரிய கேள்வி. அதற்காக ஆபிரிக்காவில் கழுதைகள் வகைதொகையின்றி அறுக்கப்பட்டு, கழுதையை நம்பி வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் நிர்க்கதியாகின. ஆபிரிக்க ஒன்றியம் 2024 பெப்ரவரியில் தோலுக்காகக் கழுதைகளை அறுப்பதற்கு 15 வருடத் தடை விதிக்க முடிவெடுத்தது அதனால்தான்.

எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்பதில் நமக்கும் உடன்பாடுதான். அதற்கும் வைத்திய நிலையம்தான் வழி. பெண் கழுதை ஏறக்குறைய 12 மாதம் சுமந்து ஒரு குட்டி ஈனும். ஈன்று சில வாரங்களிலேயே மறுபடி சினைப்படக்கூடும். ஆண் கழுதைகளை நலமடிப்பதே நடைமுறையில் இலகுவானது. ஆனால் ஒரு முகாம் வைத்துப் பத்துக் கழுதைக்குச் செய்து, படம் எடுத்துப் போட்டால் பலனில்லை. மிஞ்சிய சில ஆண்களே எல்லாப் பெண்களையும் சினைப்படுத்திவிடும். ஏறக்குறைய எல்லா ஆண்களுக்கும், வருடா வருடம், பதிவேடு வைத்துச் செய்ய வேண்டும். நிரந்தர இடமும் நிரந்தர ஆளும் இல்லாமல் அது நடக்காது.

சட்டத்தைப் பார்த்தால் அதுவும் பலவீனம். மிருக வதைக்கு எதிராக நாம் நம்பியிருப்பது 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம். அது விதித்த உச்சத் தண்டப்பணம் 100 ரூபாய். இன்று அந்தக் காசுக்கு ஒரு பிளேன்டீயும் ஒரு வடையும் வரும். சட்டத்தை மாற்றுவது பாராளுமன்றத்தின் வேலை. அது நடக்கும்வரை ஊர் சும்மா இருக்க வேண்டியதில்லை.

நம் மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்பதையும் பார்ப்போம். சூரா அந்நஹ்லில் அல்லாஹ் தன் அருட்கொடைகளைச் சொல்லும்போது குதிரை, கோவேறு கழுதையோடு கழுதையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறான். நபி (ஸல்) அவர்கள் கழுதையில் பயணித்தார்கள். முஆத் (ரழி) அவர்களைப் பின்னால் அமர்த்திக்கொண்டு சென்ற கழுதையின் பெயர் உஃபைர் என்று ஹதீஸில் வருகிறது. முகத்தில் சூடு போடப்பட்ட ஒரு கழுதையைக் கண்டு, அதைச் செய்தவனை நபியவர்கள் சபித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் கதையைப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் சொல்லிக் கொடுக்கிறோம். அதே வகுப்பில் படிக்காத பிள்ளையை "கழுதை" என்று ஏசுவதும் நடக்கிறது. பாடத்தில் ஒன்று, பழக்கத்தில் ஒன்று என்றால் பிள்ளை பழக்கத்தைத்தான் படிக்கும்.

மன்னாரில் கழுதைகளுக்கான வைத்திய, கல்வி நிலையம் ஒன்றைத் தொடங்கி வழிகாட்டியவர்கள் பிரிட்ஜிங் லங்கா என்ற தொண்டு நிறுவனத்தினர். விசேட தேவையுள்ள பிள்ளைகளைக் கழுதைகளோடு பழகவிடும் முயற்சியையும் எடுத்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் தொண்டு நிறுவனத்தின் காசு எந்த ஊரிலும் என்றைக்கும் வராது. திட்டம் முடிந்தால் கதவு பூட்டப்படும் என்பதை மீள்குடியேற்றக் காலத்திலிருந்து நாம் பல விடயங்களில் பார்த்துவிட்டோம். 1990 ஒக்டோபரில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் யாரோ கொடுத்த நிழலில் ஒதுங்கிய சமூகம் நாம். கேட்பதற்கு ஆளில்லாமல் நிற்பது எப்படியிருக்கும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இவைதான்.

மாகாணக் கால்நடைத் திணைக்களம்: மன்னார் மாவட்டத்துக்குக் கழுதை வைத்தியத்தில் பயிற்சி பெற்ற ஒரு டொக்டரையும், வருடாந்த மருந்து ஒதுக்கீட்டையும் தர வேண்டும். வடக்கிலேயே நெடுந்தீவில் குதிரைகள் இருக்கின்றன. அந்தப் பயிற்சி அங்கும் உதவும்.

நகர சபையும் பிரதேச சபையும்: கொட்டகைக்கு நிரந்தரமாக ஒரு துண்டுக் காணி, ஒரு ட்ரெய்லர், குப்பையை மூடி வைக்கும் ஒழுங்கு, கழுதைகள் அதிகம் படுக்கும் இடங்களில் வீதி விளக்கு.

பள்ளிவாசல் நிர்வாகங்கள், கோயில், தேவாலயச் சபைகள்: வருடத்தில் ஒரு தடவை மின்னும் பட்டிகளுக்குப் பணம் சேர்த்துக் கொடுங்கள். ஒரு ஜும்ஆவில் இதைப் பேசுங்கள். கோடையில் வாசலில் ஒரு தண்ணீர்த் தொட்டி வையுங்கள்.

பெற்றோர்கள்: குட்டியின் கழுத்தில் கயிறு கட்டி விளையாடவோ, கல்லெறியவோ பிள்ளைகளை விடாதீர்கள். சாப்பாட்டுக் கழிவைப் பையோடு வீசாதீர்கள்.

பாடசாலையில் செய்ய வேண்டியதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அடுத்த தவணையில் மாணவர்களைக் கொண்டு நம் பகுதிக் கழுதைகளை எண்ணி, எத்தனை காயத்தோடு இருக்கின்றன, எந்தெந்த இடத்தில் இரவில் படுக்கின்றன என்று ஒரு பதிவேடு செய்வோம், இன்ஷா அல்லாஹ். கணக்கு இல்லாமல் போய்க் கேட்டால் அலுவலகத்தில் சிரிப்பார்கள். பதிவேட்டோடு போனால் பைல் திறக்கத்தான் வேண்டும். வாகனம் வைத்திருப்பவர்கள், கணக்கெடுப்புக்கு மாலையில் பிள்ளைகளோடு வரக்கூடிய பெரியவர்கள் கீழே பெயரைப் போடுங்கள்.